மிகையன்பின் ஆங்கில வினைகள்: ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளியிலும் கல்லூரியிலும் பயிற்சி மையங்களிலும் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

அன்பையோ வியப்பையோ அளவு மீறிக் காட்டுவதைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு பெரிய வினைக்கூட்டமே இருக்கிறது. ‘டோட் ஆன்’, ‘ஃபான் ஓவர்’, ‘கஷ் ஓவர்’, ‘ஃபஸ் ஓவர்’, ‘ஸ்வூன் ஓவர்’, ‘ட்ரூல் ஓவர்’, ‘சக் அப் டு’, ‘பட்டர் அப்’, ‘ஃபால் ஃபார்’ ஆகியவை அவற்றுள் அடிக்கடி வருபவை. தேர்வுக் கையேடுகள் பலவும் இவற்றை ஒரே பட்டியலில் அடுக்கி, ‘அளவுக்கு மீறி அன்பு காட்டு’ என்ற ஒரே பொருளை எல்லாவற்றுக்கும் எழுதிவிடுகின்றன. அதை மனப்பாடம் செய்த மாணவர், பேரனைக் கொஞ்சும் பாட்டியையும் அமைச்சர் முன் குழையும் ஒப்பந்தக்காரரையும் ஒரே வினையால் எழுதுகிறார். ஆங்கிலம் இவ்விருவரையும் ஒன்றாகப் பார்ப்பதே இல்லை. பாட்டியைச் சிரித்துக்கொண்டே மன்னிக்கும்; ஒப்பந்தக்காரரை இகழும். அந்தத் தீர்ப்பில் பாதி, வினை பிறந்த இடத்தில் இருக்கிறது. மறுபாதி, அதன் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘ஆன்’, ‘ஓவர்’, ‘டு’, ‘ஃபார்’ என்ற சிறுசொல்லில் இருக்கிறது. வகுப்பில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

‘டோட்’ பழைய வினை. இடைக்கால ஆங்கிலத்தில் அதற்கு அன்போடு தொடர்பே கிடையாது. புத்தி மழுங்குவது, பேதலித்து நடப்பது என்பதே அன்றைய பொருள். மூப்பால் அறிவு தளர்ந்த பருவத்தை ‘டோட்டேஜ்’ என்பதும், அப்படித் தளர்ந்த கிழவரை ‘டோடர்ட்’ என்பதும் அதே வேரிலிருந்து வந்தவை. 2017 செப்டம்பரில் வட கொரியத் தலைவர் கிம் ஜாங் உன்னின் அறிக்கை ஆங்கிலத்தில் வெளியானபோது, அமெரிக்க அதிபர் டிரம்ப்பை ஏச இந்த ‘டோடர்ட்’ பயன்பட்டது. வழக்கொழிந்துபோன சொல்லுக்குப் பொருள் தேடி ஆங்கிலேயரும் அமெரிக்கரும் அகராதிக்கு ஓடினார்கள். இந்த வினையோடு ‘ஆன்’ சேர்ந்ததும், புத்தியை இழக்கும் அளவுக்கு ஒருவர்மேல் ஆசை வைப்பது என்ற பொருள் பிறந்தது. ‘ஃபாண்ட்’ என்ற சாதுவான சொல்லுக்கும் தொடக்கத்தில் மடத்தனமான என்பதே பொருள். ‘கோ காகா ஓவர்’ என்பதிலுள்ள ‘காகா’, முதுமையில் மூளை குழம்பியவரைக் குறித்த பிரெஞ்சுச் சொல். ‘கிரேஸி அபௌட்’, ‘மேட் அபௌட்’ ஆகியவற்றைச் சொல்லவே வேண்டாம். மிகையன்பு அறிவுக்கேட்டின் பக்கத்து வீடு என்பது ஆங்கிலத்தின் நெடுநாள் எண்ணம். ‘அவள்மேல் பைத்தியமாக இருக்கிறான்’ என்று பேசும் தமிழருக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது.

‘டோட் ஆன்’ பாடத்துக்கு ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தைவிடப் பொருத்தமான துணைநூல் இல்லை. தூங்குபவரின் இமைமேல் ஒரு பூச்சாற்றைப் பிழிந்தால், விழித்ததும் முதலில் தென்படும் உயிரின்மேல் அவர் பித்தாகிவிடுவார். கதை முழுவதும் இதைச் சுற்றியே ஓடுகிறது. தேவதைகளின் அரசி டைட்டானியா கண்விழித்துப் பார்ப்பது, கழுதைத் தலை மாட்டப்பட்ட பாட்டம் என்ற நெசவாளியை. அவள் அவன்மேல் கொள்ளும் மையலுக்கு நாடகம் தரும் வினை ‘டோட்’. பூச்சாறு படாத ஹெலனாவுக்கும் இதே வினைதான். தன்னை வெறுக்கும் டிமெட்ரியஸை அவள் விடாமல் நேசிப்பதைச் சொல்லும் லைசாண்டர், ஒரே மூச்சில் மூன்று முறை ‘டோட்ஸ்’ என்கிறான். மூன்றாவது முறை அது சிலை வழிபாட்டுக்கு நிகராகிவிடுகிறது. ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’டில் துறவி லாரன்ஸ் ரோமியோவைக் கடிந்ததும் இதற்காகவே: அவன் ரோசலினை நேசித்ததற்காக அல்ல, ‘டோட்’ செய்ததற்காக. அன்புக்கும் மோகத்துக்கும் நடுவே இந்த ஒரு வினையால் அங்கே கோடு போடப்படுகிறது.

நானூறு ஆண்டுகளில் அந்தக் கடுமை கரைந்துபோனது. இன்றைய ஆங்கிலத்தில் ‘டோட் ஆன்’ பெரும்பாலும் குடும்பத்துக்குள் புழங்குகிறது: பேரப்பிள்ளைமேல் தாத்தா, கடைக்குட்டிமேல் அப்பா, பூனைமேல் அதன் எஜமானி. ‘டோட்டிங் கிராண்ட்மதர்’ என்று எழுதினால் அதில் ஏச்சு இல்லை. செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள் என்ற மெல்லிய கிண்டல் மட்டுமே. அயர்லாந்தில் இன்னும் ஒருபடி மேலே போய், அழகான குழந்தையையே ‘எ டோட்’ என்று கொஞ்சுகிறார்கள். இந்த வினை ஒரு நிமிடச் செயலைக் குறிப்பதில்லை, நீடித்த இயல்பைக் குறிக்கிறது. அதனால் ‘ஷி டோட்ஸ் ஆன் ஹிம்’ இயல்பாக ஒலிக்கும். ‘ஷி இஸ் டோட்டிங் ஆன் ஹிம்’ என்று கேட்கும் வாய்ப்பு குறைவு.

‘ஃபான்’ வேறு சாதி. பழைய ஆங்கிலத்தில் மகிழ்வதைக் குறித்த வினையிலிருந்து இது வந்தது. எஜமானைக் கண்ட நாய் வாலாட்டி, உடல் வளைத்து, காலடியில் புரளும் மகிழ்ச்சிக்கு உரிய சொல்லாக இது நிலைத்தது. பிறகு நாயைப் போல நடந்துகொள்ளும் மனிதருக்கும் வந்து சேர்ந்தது. மான்குட்டியைக் குறிக்கும் ‘ஃபான்’ பிரெஞ்சு வழியாக வந்த வேறொரு சொல். எழுத்தும் ஒலியும் ஒன்றாக இருப்பதால் மாணவர் இரண்டையும் முடிச்சுப் போடுவதுண்டு. தமிழில் இதற்கு நேர் நிற்கும் வினை ‘குழைதல்’. நாய் வாலைக் குழைக்கும். அதிகாரி முன் ஆளும் குழைவார். ஒரே வினை இரண்டு இடத்திலும் பொருந்துவதால், ‘ஃபான்’ சொல்லித்தர நீண்ட விளக்கம் எதுவும் தேவைப்படாது.

நாயும் குழைவும் ஷேக்ஸ்பியரின் மனத்தில் எப்போதும் சேர்ந்தே எழுந்தன. ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தில் ஹெலனா தன்னை டிமெட்ரியஸின் ஸ்பேனியல் நாய் என்கிறாள். அவன் எவ்வளவு அடிக்கிறானோ அவ்வளவு தான் ‘ஃபான் ஆன்’ செய்வேன் என்கிறாள். ஒரே பெண்ணின் ஒரே ஆசை, பிறர் வாயில் ‘டோட்’ ஆகவும் அவள் வாயிலேயே ‘ஃபான்’ ஆகவும் வருவதைக் காட்டினால், இரண்டு வினைகளின் வேறுபாடும் அங்கேயே விளங்கிவிடும். கரோலைன் ஸ்பர்ஜன் என்ற ஆய்வாளர் 1935இல் வெளியிட்ட ‘ஷேக்ஸ்பியர்ஸ் இமேஜரி’ நூலில், முகத்துதி பற்றிய பேச்சு வரும் இடங்களிலெல்லாம் நாய், நக்குதல், மிட்டாய், உருகுதல் ஆகிய படிமங்கள் கூட்டமாக வந்து சேர்வதைச் சுட்டிக்காட்டினார்.

‘ஃபான் ஆன்’ பழைய வடிவம். இன்றைய பத்திரிகைகளில் ‘ஃபான் ஓவர்’ மிகுதி. நடிகர், விளையாட்டு வீரர், அரச குடும்பம் என்று எதைச் சுற்றியாவது ஊடகம் மயங்கி நின்றால், எதிரணி ஊடகம் எழுதும் வினை இதுவே. இதில் பாராட்டு துளியும் கிடையாது. ‘ஃபானிங்’ என்ற பெயரடையும் அப்படியே. ‘டோட்டிங் ஃபாதர்’ நல்ல அப்பா, ‘ஃபானிங் கோர்ட்டியர்’ கூழைக்கும்பிடு போடும் அரசவைக்காரர். உளவியலில் மட்டும் இதற்குச் சற்றுக் கருணை கிடைத்திருக்கிறது. ஆபத்தைக் கண்டால் எதிர்ப்பது, ஓடுவது, உறைவது ஆகிய மூன்றோடு நான்காவதாக ‘ஃபான்’ என்பதைச் சேர்த்தவர் பீட் வாக்கர் என்ற அமெரிக்க உளச்சிகிச்சையாளர். சிறுவயதில் அடிபட்டு வளர்ந்தவர் பிறரைத் திருப்திப்படுத்தியே தன்னைக் காத்துக்கொள்வதற்கு அவர் வைத்த பெயர் அது. அந்த வழக்கில் வினை பின்னால் எதையும் இழுத்துக்கொண்டு வராமல் தனியே நிற்பதையும் கவனிக்கலாம்.

இனி ‘ஓவர்’. தொட்டிலுக்கு மேல் குனிந்து நிற்கும் உறவுக்கூட்டத்தை மனத்தில் கொண்டால் இந்தச் சிறுசொல் பிடிபட்டுவிடும். ‘கூ ஓவர்’ புறாவின் ஒலியிலிருந்து வந்தது. குழந்தையைப் பார்த்துச் செல்லக்குரல் எழுப்புவது. ‘ஃபஸ் ஓவர்’ என்றால் போர்வையை இழுத்துவிடுவது, இன்னொரு இட்லி வைப்பது, ஸ்வெட்டர் போட்டாயா என்று மூன்றாம் முறை கேட்பது. பிரிட்டனில் ‘மேக் எ ஃபஸ் ஆஃப்’ என்ற வடிவத்துக்கும் செல்வாக்கு உண்டு. தமிழில் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவது என்கிறோமே, அதற்கு மிக அருகில் வருவது இது. இரண்டிலும் நோக்கம் தூய்மையானது. எரிச்சல் வந்தால் அது பெறுபவருக்கு மட்டுமே.

‘ஓவர்’ கூட்டத்தின் மற்றொரு பகுதி முழுக்க நீர்மயம். ‘கஷ்’ பீறிட்டுப் பாய்வது. ‘கஷ் ஓவர்’ அல்லது ‘கஷ் அபௌட்’ என்றால் பாராட்டு நிற்காமல் வாயிலிருந்து கொட்டுவது. திரைப்பட விமர்சனம் ‘கஷிங்’ என்றால், எழுதியவர் நிதானம் இழந்துவிட்டார் என்று பொருள். ‘ட்ரூல் ஓவர்’, ‘ஸ்லாபர் ஓவர்’ இரண்டும் எச்சில் ஒழுகுவது. ‘ட்ரூல் ஓவர்’ புதிய காரைப் பற்றியும் சொல்லலாம், பிரியாணியைப் பற்றியும் சொல்லலாம், ஆளைப் பற்றியும் சொல்லலாம். ஆளைப் பற்றிச் சொன்னால் அதில் காமம் கலந்துவிடும். ‘ஜொள்ளு விடுதல்’ என்ற நம் கல்லூரிக் கொச்சைக்கு இதைவிடத் துல்லியமான ஆங்கிலம் கிடைக்காது. நாகரிகம் கருதி அகராதிகள் தரும் ‘மிகவும் விரும்பு’ என்ற விளக்கத்தைவிட இந்தக் கொச்சையே மாணவருக்கு உதவும். ‘ஸ்லாபர்’ இன்னும் அருவருப்பானது. எழுத்தில் தவிர்ப்பது நல்லது.

‘ஸ்வூன்’ மயங்கி விழுவது. அந்த வினைக்கு 1940களில் ஒரு மனித முகம் கிடைத்தது: பாடகர் ஃப்ராங்க் சினாட்ரா. 1942 டிசம்பர் இறுதியில் நியூயார்க்கின் பாரமவுண்ட் அரங்கில் அவர் பாடத் தொடங்கியபோது பதின்பருவப் பெண்கள் போட்ட கூச்சல் அவரையே திகைக்கவைத்தது. 1944 அக்டோபரில் அதே அரங்குக்கு அவர் திரும்பி வந்தபோது டைம்ஸ் சதுக்கமே பல்லாயிரம் பேரால் அடைபட்டது. பத்திரிகைகள் ‘ஸ்வூன்’ என்பதை அவருடைய பெயரோடு ஒட்டிப் புதுப்பெயர்களே உருவாக்கின. இந்தக் கிறுக்கு அமெரிக்கக் கண்டுபிடிப்பு அல்ல. பியானோ கலைஞர் ஃப்ரான்ஸ் லிஸ்ட்டைச் சுற்றி ஐரோப்பாவில் எழுந்த வெறிக்கு ‘லிஸ்ட்டோமேனியா’ என்று கவிஞர் ஹைன்ரிஹ் ஹைனே 1844இலேயே பெயர் வைத்துவிட்டார். இன்று ‘ஸ்வூன் ஓவர்’ என்று எழுதும்போது யாரும் தரையில் விழுவதில்லை. கொஞ்சம் கேலியோடு, உருகுகிறார்கள் என்று பொருள்.

இந்த வினைகளைப் பேசுபவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள முடியுமா என்று சோதித்தால் அவற்றின் சாயம் வெளுத்துவிடும். ‘ஐ டோட் ஆன் மை கிராண்ட்சன்’ என்று ஒருவர் பெருமையாகவே சொல்வார். ‘சாரி, ஐ ஆம் கஷிங்’ என்று தன்னையே கிண்டலடித்துக்கொள்வார். ‘ஐ ஃபான் ஓவர் மை பாஸ்’ என்று எவரும் சொல்லமாட்டார். வேலைக்கான விண்ணப்பத்தில் அப்படி ஒரு வாக்கியம் இருந்தால் நேர்காணல் அழைப்பு வராது.

‘டு’ வந்துவிட்டால் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் வாய்ப்பே மிச்சமில்லை. அன்பு என்ற வேடம் கலைந்து, காரியம் வெளியே தெரிகிறது. அன்பு காட்டுபவர் கீழே, பெறுபவர் மேலே. ‘சக் அப் டு’ 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பள்ளிச் சிறுவர்களின் கொச்சை. ஆசிரியரிடம் நல்ல பெயர் வாங்கத் துடிக்கும் பையனை மற்றவர்கள் ஏசியது. ‘க்ரால் டு’, ‘ப்ளே அப் டு’, ‘கோஸி அப் டு’ ஆகியவை அதன் உறவினர். காக்கா பிடித்தல், ஜால்ரா அடித்தல் என்று தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை.

‘டோடி டு’ பின்னால் ஒரு வினோதக் கதை உண்டு. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சந்தைகளில் போலி மருத்துவர்கள் மருந்து விற்றார்கள். தேரை நஞ்சுள்ளது என்று மக்கள் நம்பியதால், மருத்துவரின் உதவியாள் கூட்டத்தின் முன்னே தேரையைத் தின்பான், அல்லது தின்பதுபோல் நடிப்பான். உடனே எஜமானின் மருந்து அவனைப் ‘பிழைக்க’ வைக்கும். எஜமானுக்காகத் தேரையையும் விழுங்கும் அந்த ஆள் ‘டோட்-ஈட்டர்’. அந்தப் பெயர் சுருங்கி ‘டோடி’ ஆனது. இலக்கியத்தில் இந்த இனத்தின் தலைமகன் ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலின் பாதிரியார் காலின்ஸ். தன் புரவலர் லேடி கேத்தரினின் மாளிகை ஜன்னல்களையும் படிக்கட்டையும்கூடப் புகழ்பவர். இந்தப் புகழுரைகள் அந்தந்த நேரத்தில் தோன்றுபவையா, முன்கூட்டி யோசித்தவையா என்று அவருடைய உறவினரான பென்னட் குறும்பாகக் கேட்கும்போது, சிலவற்றை ஓய்வு நேரத்தில் தயாரித்து வைத்துக்கொள்வதாக அவர் வெள்ளந்தியாக ஒப்புக்கொள்கிறார். டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலில் வரும் யூரையா ஹீப் இதே தொழிலின் நச்சு வடிவம்.

‘கௌடௌ டு’ சீனத்திலிருந்து வந்தது. பேரரசர் முன் மூன்று முறை மண்டியிட்டு ஒன்பது முறை தலையைத் தரையில் தட்டும் வணக்கம் அது. 1793இல் சியான்லுங் பேரரசரைக் காண பிரிட்டன் அனுப்பிய தூதர் ஜார்ஜ் மெக்கார்ட்னி, அந்த வணக்கத்தைச் செய்ய மறுத்து, தன் மன்னருக்குச் செய்வதுபோல் ஒரு காலை மட்டும் மடக்குவேன் என்று நின்றார். 1781 முதல் 1785 வரை சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்தவர் இவரே. சீனச் சடங்கின் பெயர் ஆங்கிலத்தில் வினையாகி, கூனிக்குறுகுவதற்கு நிலையான சொல்லாகிவிட்டது.

‘பட்டர் அப்’ பற்றி ஒரு கட்டுக்கதை வகுப்பறை வரை வந்துவிட்டதால் அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பண்டைய இந்தியர் வரம் வேண்டித் தெய்வச் சிலைகள்மேல் வெண்ணெய் உருண்டைகளை எறிந்தார்கள், அதிலிருந்தே இந்த வழக்கு பிறந்தது என்பது அந்தக் கதை. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் காளி சிலைமேல் பக்தர்கள் வெண்ணெய் உருண்டை எறியும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது உண்மை. அதனால் தமிழ் மாணவர் இந்தக் கதையை எளிதில் நம்பிவிடுகிறார். ஆனால் அந்த வழக்கத்துக்கும் ஆங்கில வினைக்கும் இடையே பாலம் எதுவும் இல்லை. புகழ்ந்து மயக்குவது என்ற பொருளில் ‘பட்டர்’ வினையை வில்லியம் காங்கிரீவ் 1700இல் தன் ‘தி வே ஆஃப் தி வேர்ல்ட்’ நாடகத்தின் முன்னுரைப் பாடலில் கையாண்டுவிட்டார். ‘அப்’ பிற்பாடு ஒட்டியது. ரொட்டிமேல் வெண்ணெய் தடவித் தின்னும் நாட்டுக்காரருக்கு இந்த உருவகம் தோன்ற மதுரை வரை வர வேண்டியதில்லை. இன்னொன்று: மதுரையில் வெண்ணெய் எறிந்தது காளியின் உக்கிரம் தணிய, அதாவது குளிர்விக்க. அந்த எண்ணத்துக்கு உறவு ‘பட்டர் அப்’ அல்ல, நம் ‘ஐஸ் வைத்தல்’. பயன்பாட்டில் இரண்டும் ஒன்றே: புகழ்ச்சி முன்னால் வரும், கோரிக்கை பின்னால் வரும்.

புகழ்ச்சியைக் கனமாகப் பூசுவதற்கு ‘லே இட் ஆன் திக்’ உண்டு. இதன் மூத்த வடிவத்தில் பூசும் கருவி கொத்தனார் கரண்டி. ஷேக்ஸ்பியரின் ‘அஸ் யு லைக் இட்’ நாடகத்திலேயே அது வந்துவிட்டது. முகத்துதி எல்லாருக்கும் பிடிக்கும், அரச குடும்பம் என்றால் அந்தக் கரண்டியால் அப்ப வேண்டும் என்று பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி கூறியதாகச் சொல்வார்கள். விக்டோரியா அரசியிடம் அவருக்கு இருந்த செல்வாக்கைப் பார்த்தால், சொல்லியிருக்கக்கூடியவர்தான்.

‘ஃபார்’ ஏக்கத்தின் சொல். ஆள் எட்டாத தூரத்தில் இருப்பார். ‘பைன் ஃபார்’ என்றால் நினைத்து நினைத்து இளைப்பது. இந்தப் ‘பைன்’ மரம் அல்ல. வலியைக் குறிக்கும் ‘பெய்ன்’ என்ற சொல்லின் உடன்பிறப்பு. ‘ஃபால் ஃபார்’ அமெரிக்கப் பேச்சிலிருந்து வந்தது. ஒருவரிடம் மனதைப் பறிகொடுப்பதும் அதுவே, மோசடிக்காரரிடம் பணத்தைப் பறிகொடுப்பதும் அதுவே. எது என்பதைச் சூழலே சொல்லும். ‘அபௌட்’ வந்தால் பேச்சு மட்டும்: ‘ரேவ் அபௌட்’ என்பதில் பழைய பிதற்றல் பொருள் தேய்ந்து, மனமாரப் புகழ்வது ஆகிவிட்டது. இந்தப் பட்டியலிலேயே எவரையும் குத்தாத வினை இதுவாகத்தான் இருக்கும்.

இலக்கணத்தில் இவை ஒரே வகை அல்ல. ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயரைப் பரப்பியவர் லோகன் பியர்சால் ஸ்மித். 1925இல் வந்த ‘வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்’ நூலில், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி அந்தப் பெயரைத் தந்ததாக அவர் குறிப்பிட்டார். பள்ளிப் புத்தகங்கள் இன்றும் எல்லாவற்றையும் அந்த ஒரே கூடையில் போடுகின்றன. கண்டிப்பாகப் பார்த்தால் ‘பட்டர் அப்’ மட்டுமே முழு ஃப்ரேசல் வெர்ப். ‘பட்டர் தி பாஸ் அப்’ என்றும் சொல்லலாம், ‘பட்டர் அப் தி பாஸ்’ என்றும் சொல்லலாம். ஆனால் ‘ஹிம்’ போன்ற பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் நிற்க வேண்டும். ‘டோட் ஆன்’, ‘ஃபான் ஓவர்’ ஆகியவற்றைப் பிரிக்கவே முடியாது. ‘சக் அப் டு’ மூன்று உறுப்புகள் கொண்டது, அதுவும் பிரியாது. உச்சரிப்பிலும் இது கேட்கும்: ‘பட்டர் ஹிம் அப்’ என்பதில் அழுத்தம் ‘அப்’ மேல் விழும், ‘டோட் ஆன்’ என்பதில் ‘ஆன்’ மெலிந்துவிடும். செயப்பாட்டு வினையில் சிறுசொல் கடைசிவரை கூடவே வரும். ‘தி சைல்ட் வாஸ் டோட்டட் ஆன்’ என்று வாக்கியம் ‘ஆன்’ இல் முடிவதைப் பிழை என்று சிவப்பு மையால் அடிப்பது நியாயமில்லை.

புதிதாக வந்த வினைகளும் இந்த ஒழுங்கை ஓரளவு பின்பற்றுகின்றன. ‘ஃபேன்கேர்ள் ஓவர்’ தொட்டில் வழியில் ‘ஓவர்’ எடுத்துக்கொண்டது. ‘சிம்ப் ஃபார்’, பதிலுக்கு எதுவும் கிடைக்காதென்று தெரிந்தும் ஒருவருக்காக உருகும் ஆணைக் கிண்டலடிப்பது. ஏக்கத்தின் ‘ஃபார்’ அதற்குச் சரியாகப் பொருந்தியது. நேரலைத் தளமான ட்விட்ச் 2020 டிசம்பரில் ‘சிம்ப்’ என்பதை வசைச்சொல்லாகப் பயன்படுத்தத் தடை அறிவிக்கும் அளவுக்கு அது புழங்கியது. விலகி நிற்பது ‘ஸ்டான்’. ராப் பாடகர் எமினெம் 2000இல் வெளியிட்ட பாட்டில், பாடகருக்கு வெறிபிடித்தவன்போல் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கும் ரசிகனின் பெயர் அது. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 2019இல் அதைச் சேர்த்துக்கொண்டது. பெரும்பாலும் சிறுசொல் எதுவும் இல்லாமலே இது செயப்படுபொருளை நேரே பிடித்துக்கொள்கிறது. ‘ஐ ஸ்டான் ஹர்’ என்று ஒரு ரசிகை சொன்னால், அதில் வெட்கமும் இல்லை, கிண்டலும் பெரிதாக இல்லை.